லைன் நன்றாகத்தான் இருந்தது

சேகர், போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து பேசியபோது லைன் ரொம்ப நன்றாக இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். நலமா, சாப்பிட்டாயா, அங்கே மழை உண்டா என்றெல்லாம் ஆரம்பிக்க எனக்குப் பொறுமை இல்லை. அதையெல்லாம் கடைசியில் தாளில் இடமிருந்தால் கேட்டுக்கொள்கிறேன்.

"இன்னாமா, ஒண்ணுமே கேக்கல. லைன் பேஜாரு பண்ணுது. கொஞ்சம் கத்திப் பேசேன்" என்று நீ கத்தினாய். கும்மிடிப்பூண்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சை ஒட்டினாற்போல் இருக்கிற போன் அறையில் நான் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் புது ஃபாக்டரிகளில் வேலை பார்க்கிற பையன்கள் தங்கள் ஊருக்குப் பேச வரிசையில் காத்திருந்தார்கள். நீ போட்ட சத்தம் அவர்களுக்கும் கேட்டது. ஒருவன் சிரித்தான். நான் லைனைக் குறை சொல்லிவிட்டு வெளியே வந்தேன். லைன் கொடுக்கிற போர்டில் அன்றைக்கு ஜைனபு. என்னோடு வேலை பார்க்கிறாளே, பழவேற்காட்டு ஜவுளிக்கடைக்காரர் மகள், அவள்தான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னாக்கா, ஒம் புள்ள இந்தக் கத்து கத்துது? லைனு தண்ணியாட்டம் கிளியரா இருக்குது. நானே காதுல வெச்சிப் பாத்தேன்" என்றாள். "அவன் ரூம்ல ஒரே சத்தம்மா, அதான்" என்று சமாளித்தேன். போர்டில் உட்காருகிறவளிடம் இந்தப் பொய் செல்லாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போனில் கத்துகிறவர்களில் இரண்டு ஜாதி உண்டடா. முதல் ஜாதி புதிதாகப் போன் பிடிக்கிறவர்கள். டெல்லி தூரமாயிற்றே, கத்தினால்தான் போய்ச்சேரும் என்று நினைக்கிறவர்கள். இவர்கள் இரண்டு பேச்சு பேசியதும் தானாகத் தணிந்துவிடுவார்கள். இன்னொரு ஜாதி காது மந்தமானவர்கள். தங்கள் குரலே தங்களுக்குச் சரியாகக் கேட்காததால் போகப் போக ஏற்றிக்கொண்டே போவார்கள், பழியை லைன் மேல் போடுவார்கள். நீ டெலிபோன் ஆப்பரேட்டர் வீட்டில் பிறந்து வளர்ந்தவன், முதல் ஜாதியில் உன்னைச் சேர்க்க முடியாது. அன்றைக்கு நீ ஏற்றிக்கொண்டேதான் போனாய்.

ஆடி மாதம் நீ வந்திருந்தபோதே எனக்குச் சந்தேகம். பெரியபாளையம் திருவிழாவுக்குப் பாடப்போகிற அந்த மெல்லிசைக் குழுவுக்காக டேப்பைச் சரிசெய்கிறேன் என்று மூணு டேப் ரெக்கார்டரையும், நீயே சால்டர் வைத்துச் செய்த நாலு குமிழ்ப் பெட்டியையும் கூடத்தில் பரப்பினாய். ஒன்றில் பாட்டு, ஒன்றில் ஆர்மோனியமும் தாளமும், ரெண்டையும் பெட்டி வழியாகக் கலக்கி மூன்றாவதில் புது டேப்பில் ஏற்றுவது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டே கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். உன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து கசிந்த பாட்டு அடுப்படி வரைக்கும் எனக்குக் கேட்டது, அடுப்படியிலிருந்து நான் போட்ட கூச்சல் உனக்குக் கேட்கவில்லை. கடைசியில் வந்து தோளைத் தொட்டேன், தேள் கொட்டினவன் மாதிரி துள்ளினாய்.

"இவ்ளோ சத்தமாவாடா வெச்சிக்கினு கேப்ப?" என்றேன். "கம்மியா வெச்சா தபேலா உள்ள போயிடுதும்மா. ஃபுல்லா வெச்சாதான் எல்லாம் தெரியும்" என்றாய். எனக்குக் கொடு என்று வாங்கி, குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கிக் கேட்டேன். ஆர்மோனியம் கேட்டது, தபேலாவும் கேட்டது, பாடுகிற பெண்ணைத்தான் காணோம். "அந்தப் பொண்ணு எங்கடா போச்சு?" என்று கேட்டதற்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "நீ டெலிபோன்ல கேக்கறவ, ஒனக்குப் பாட்டு இன்னா தெரியும்!" உண்மைதான், எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. ஆனாலும் நீ அப்புறம் வாத்தியங்களைக் கொஞ்சம் இறக்கினாய். உடனே பழையபடி மொத்தத்தையும் முழுக்க ஏற்றிக்கொண்டாய். அன்றைக்குச் சாப்பிடும்போது காதைக் குடைந்துகொண்டே இருந்தாய். பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது, உள்ளே கொய்யென்று ஏதோ கத்துகிறது என்றாய். ரெக்கார்டிங்கில் எல்லோருக்கும் இப்படித்தான், காலையில் சரியாகிவிடும் என்றும் சொன்னாய். காலையில் சரியாகிவிட்டதா என்று நான் கேட்டிருக்க வேண்டும், ஊருக்குப் போகிற பிள்ளையை எதற்கு நச்சரிப்பது என்று விட்டுவிட்டேன்.

இந்தச் சத்தப் பைத்தியம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் உன் நைனாதான் வந்து நிற்கிறார். கண்டக்டர் தொண்டை அவருக்கு. திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் "பெரியபாளையம், ஊத்துக்கோட்டை" என்று அவர் கூவினால் வீட்டில் நான் உலை வைத்துவிடுவேன், அடுத்த நடை முடிந்ததும் சாப்பிட வந்துவிடுவார் என்று. சண்டை வந்தாலும் அதே தொண்டைதான். நான் ட்ரங்க் கால் பேசுகிறவர்களிடம் கேட்கிற போர்டு பழக்கத்தில், "மூணு நிமிஷம் ஆயிடுச்சி, இன்னும் பேசறீங்களா?" என்று கேட்பேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிடும், சண்டை அதோடு கட். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவர் ரேடியோ வாங்கி வந்தார். தெருவிலேயே முதல் ரேடியோ நம்முடையது. நான் வேலை முடிந்து தலைவலியோடு வந்து அதைச் சன்னமாக வைத்தேன். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா வாசலில் நின்று, "இன்னாக்கா, டப்பு குடுத்து வாங்கியும் பொட்டிய ஊமையா வெச்சிருக்கியே, பாட்டு தீந்துடுமா?" என்று கேட்டுவிட்டாள். நம் தெருவில் அதுதான் முறை. ரேடியோ இருக்கிற வீடு தெருவுக்கே கேட்கும்படி வைக்க வேண்டும். சன்னமாக வைத்தால் பக்கத்து இலைக்குப் பாயசம் போடாதவள் என்று பெயர். உன் நைனா ரோஷத்தோடு எழுந்து போய்க் குமிழைக் கடைசி வரை திருப்பி, ஜன்னலையும் திறந்துவிட்டார். "பொட்டியில பாட்டு இருக்கச் சொல்லோ நம்ம மட்டும் கேட்டுக்கினு இருந்தா பாவம்டி." நீ அவர் மடியில் உட்கார்ந்திருந்தாய். சத்தமாக வைப்பது தாராள மனசு, குறைத்து வைப்பது கஞ்சத்தனம் என்று அன்றைக்கு உன் மனதில் விழுந்திருக்கிறது. இன்றைக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும்போதும் நீ யாருக்கோ பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிறாய். அந்த ஹெட்போனுக்குள் தெரு இல்லையடா, உன் காது மட்டும்தான் இருக்கிறது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நாம் சேர்ந்து நடந்த போதெல்லாம் உன்னை என் வலது பக்கம் இழுத்து விட்டுக்கொள்வேன். "லாரி வருதுடா" என்பேன். கோயில் பிராகாரத்தில்கூட இழுத்தால், "இங்க ஏதும்மா லாரி?" என்று கேட்பாய். லாரிக்காக இல்லை, எனக்கு இடது காது கேட்காது என்பதற்காகத்தான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஓர் ஐப்பசி மழை நாளில் போனது அது. இடி இடித்தால் ஆப்பரேட்டர் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அன்றைக்குத் திருவாலங்காட்டுப் பக்கத்து ஆள் ஒருவர் லைனில் இருந்தார். அவர் பெண்சாதியை அரக்கோணம் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். "இன்னா கொழந்தம்மா, கேட்டுச் சொல்லும்மா" என்று அழாத குறையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னும் ஒரு நிமிடம்தானே என்று நான் கழற்றவில்லை. எங்கேயோ கம்பியில் இடி இறங்கியது. என் காதுக்குள் என்ன நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை, சத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. ஹெட்செட்டை வலது பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டுதான், பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்ற பதிலைக் கேட்டு அவருக்குச் சொன்னேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். எனக்குப் போனது இடியில், ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. உனக்குப் போவது பாட்டில். தலையாட்டிக்கொண்டே இழந்துவிடுவாய், இழந்தது தெரியவே தெரியாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று கண்ணுக்காவது ஒரு பழமொழி இருக்கிறது. காது கெட்டால் ஊர் அதற்குப் பழமொழி சொல்வதில்லை, கேலிதான் பேசும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குக் கிளம்பும் முன் அந்தப் பச்சை டைம்பீஸைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு கேட்பேன். வந்ததும் அதே மாதிரி கேட்பேன். "அம்மாக்கு மணி பாக்கத் தெரியல நைனா, காதுல வெச்சிப் பாக்குது" என்று நீ போட்டுக்கொடுத்தது எனக்கு மறக்கவில்லை. காலையில் கேட்ட டிக் டிக் மாலையில் கேட்கவில்லை என்றால் அன்றைக்குக் காது களைத்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு ரேடியோ கிடையாது, பேச்சும் கிடையாது. தூங்கி எழுந்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் களைத்த காதை ஓயவிடாமல் மறுபடி மறுபடி அடித்தால் ஒரு நாள் அது திரும்பாது. இன்னொரு சூதும் இருக்கிறது. களைத்த காது "போதும்" என்று சொல்லாது, "இன்னும் கொஞ்சம்" என்றுதான் கேட்கும். பகல் முழுக்கச் சமைத்தவளுக்கு நாக்கு மரத்துப் போய்க் குழம்பில் உப்பை அள்ளிப் போடுகிற மாதிரிதான். காலையில் போதுமாயிருந்த சத்தம் மத்தியானம் போதவில்லை என்றால் குறை டேப்பில் இல்லை, காதில். அப்போது குமிழைத் தொடாதே, ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே போய் ஒரு டீ குடி.

நீ இந்த டேப் வேலையை விடு என்று சொல்லமாட்டேன். சொன்னாலும் கேட்கமாட்டாய், உன் நைனா ரத்தம். வேலை செய், ஆனால் இப்படிச் செய். ஹெட்போனை மாட்டுவதற்கு முன்னால் குமிழை அடியோடு இறக்கிவிடு. போர்டில் லைன் சேர்க்கிற கயிற்றை ஓட்டையில் செருகும்போது பட்டென்று ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி உன் பெட்டியிலும் வரும். அதை வாங்கிக்கொண்டு ஆரம்பிக்காதே. மாட்டிக்கொண்டு மெதுவாக ஏற்று. பாடுகிறவளின் வார்த்தை புரிகிற இடம் வந்ததும் நிறுத்து. அந்த இடத்தில் பெட்டி மேல் சாந்தால் ஒரு பொட்டு வை. வேலை செய்கிற நேரமெல்லாம் குமிழ் அந்தப் பொட்டில்தான் நிற்க வேண்டும். முழுச் சத்தத்தில் எப்படியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றும், எனக்குத் தெரியும். ஒரு பாட்டின் ஒரு அடியைக் கேட்டுவிட்டு இறக்கிவிடு. சத்தமாக வைத்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், அதில் உன் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது? குறைத்து வைத்தும் தபேலாவும் பெண்ணும் தெரிந்தால் அதுதான் சரியாகக் கலந்த பாட்டு. மாட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது அறைக் கதவைத் தட்டினால் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பொட்டைக் கீழே இறக்கு.

கதவைத் தட்ட அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்று எழுதும்போதே நினைத்துக்கொண்டேன். பகலெல்லாம் ஃபாக்டரி, மாலையில் அந்த ஒற்றை அறை, ஞாயிற்றுக்கிழமை முழுக்க டேப். அறை காலியாக இருப்பதால்தான் நீ சத்தத்தை ஏற்றுகிறாயோ? ஏன் கேட்கிறேன் என்றால் நானும் அதையே செய்துகொண்டிருக்கிறேன். உன் நைனா இருந்தவரைக்கும் அந்த ரேடியோவைக் குறைக்கச் சொல்லித் தினம் மல்லுக்கட்டினவள் நான். அவர் போய், நீயும் பெங்களூர் போன பிறகு, கும்மிடிப்பூண்டிக்கு மாற்றல் வாங்கி வந்தபோது அதையும் தூக்கிக்கொண்டு வந்தேன். இந்த ஊரில் ஃபாக்டரிச் சங்கு ஊதினால் எல்லோரும் ஓடுகிறார்கள், மறுபடி ஊதினால் திரும்புகிறார்கள். யாரும் யார் வீட்டுக்கும் வருவதில்லை. போர்டில் உட்கார்ந்தால் ஊரே என் காதில் பேசுகிறது. கல்யாணச் சேதி, சாவுச் சேதி, லாரி வந்ததா வரவில்லையா என்ற சண்டை. கேட்கக் கூடாது என்பது சட்டம், ஆனால் காதுக்கென்ன கதவா இருக்கிறது? அத்தனை பேச்சிலும் ஒரு வார்த்தைகூட எனக்கு என்று இல்லை. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கிறபோது அந்த அமைதி பொறுக்காமல் முதலில் ரேடியோவைத்தான் திருகுகிறேன். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர், "கொஞ்சம் கம்மியா வெச்சிக்கினா நல்லா இருக்கும்மா" என்று வாசலில் வந்து நின்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றைக்கு உன் நைனா தெருவுக்குக் கொடுப்பதற்காக ஏற்றினார். நான் யாராவது வந்து கதவைத் தட்டமாட்டார்களா என்று ஏற்றியிருக்கிறேன் போல. ஒருவர் தட்டவும் செய்தார், குறைக்கச் சொல்லி. சிரிக்காதே.

அன்றைக்கே ரேடியோ மேலும் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். குறைத்து வைத்தால் வீட்டின் வெறுமை இன்னும் பெரிதாகத் தெரிகிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் ரயில் கவரைப்பேட்டையைத் தாண்டி வருகிற ஓசை கேட்கிறது, பின்பக்கம் அணில் கேட்கிறது, டைம்பீஸும் கேட்கிறது. நம் ரெண்டு பேருக்கும் சேர்த்து நல்ல காது என்று நிச்சயமாக இருப்பது என் வலது காது ஒன்றுதான், அதை நான் காபந்து பண்ணவேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ பேசி முடிக்கும் சமயம் நான் ஒன்று கேட்டேன். பல வாரமாக மனதில் வைத்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிப்போட்டு, அன்றைக்குத்தான் வாய் வந்தது. "சேகரு, எனக்குத் தனியா இருக்க முடியலடா. வேலைய விட்டுட்டு நானும் அங்கயே வந்துடட்டுமா?" என்று கேட்டேன். என் சாதாரணக் குரலில்தான் கேட்டேன், அந்த லைனுக்கு அதுவே போதும். நீ, "சரிம்மா, ஒடம்ப பாத்துக்கோ, காலைலேர்ந்து ஹெட்போனும் கையுமாவே இருக்கேன், பாதி வேல அப்டியே கெடக்குது" என்று வைத்துவிட்டாய். ஒரு நொடி அந்த "சரிம்மா"வை எனக்கான பதில் என்று நினைத்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அப்புறம்தான் நான் கேட்டது உன்னிடம் போய்ச் சேரவே இல்லை என்று புரிந்தது. திரும்பக் கத்திக் கேட்டிருக்கலாம். பின்னால் அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது, எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை என்று ஒரு தாய் எப்படியடா கத்துவாள்? சில வார்த்தைகளைக் கத்திச் சொல்ல முடியாது. அதைக் கேட்பதற்காகத்தான் பிள்ளைக்குக் காது வேண்டும் என்கிறேன்.

கேள்வியைத்தான் எழுதிவிட்டேனே, பதில் எழுதிப் போடுகிறேன் என்று பேனாவைத் தூக்காதே. வா என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, கடிதத்தில் எனக்கு அது வேண்டாம். இந்த வாரம் ஒரு காது டாக்டரைப் போய்ப் பார். சனிக்கிழமை வேலை முடிந்ததிலிருந்து அந்த டேப்பைத் தொடாதே, குழு காத்திருந்தால் காத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காதை ஓயவிட்டு, பிறகு கூப்பிடு. ஜைனபுவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், இருப்பதிலேயே நல்ல லைனாகப் பார்த்துத் தருவாள். அதே கேள்வியை அதே குரலில் திரும்பக் கேட்பேன். காதால் கேட்டுவிட்டுப் பதில் சொல்.

சாப்பிட்டாயா, அங்கே மழை உண்டா என்று கேட்கத் தாளில் இடமில்லை. அதையும் அன்றைக்கே கேட்டுக்கொள்கிறேன். லைன் நன்றாக இருக்கும். நான் கத்தமாட்டேன்.

உன் அம்மா